சிறிய துளை, பெரிய காயம்

ஹைதராபாத் கொண்டாப்பூரில் ஒரு காலத்தில் குப்பை கொட்டிக் கிடந்த 1.3 ஏக்கர் நிலம் இன்று நாய்களுக்கான பூங்கா. மாநகராட்சி சுமார் 1.1 கோடி ரூபாய் செலவில் அதை அமைத்து 2018-இல் திறந்தபோது, நாய்களுக்கென்றே இந்தியாவில் உருவான முதல் பூங்கா என்று பேசப்பட்டது. நடைபாதை, தண்ணீரில் விளையாட இடம், தாண்டிக் குதிக்கச் சாதனங்கள் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் இருப்பவற்றிலேயே அறிவார்ந்த ஏற்பாடு பார்வைக்கு மிகச் சாதாரணமானது. பெரிய நாய்களுக்கு ஓர் அடைப்பு, சிறிய நாய்களுக்குத் தனி அடைப்பு.

முப்பது கிலோ லாப்ரடாரும் மூன்று கிலோ பொமரேனியனும் நல்ல நண்பர்களாகவே இருக்கலாம். ஒன்றையொன்று துரத்தி, உருட்டி, செல்லமாகக் கவ்வி ஆடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு வீறிடல். அடுத்த நொடி சிறியது காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அல்லது வெள்ளை ரோமத்தில் சிவப்பு பரவும். வளர்ப்பவருக்குக் கை கால் ஓடாது. அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதை வைத்து ஆபத்தை அளக்கக் கூடாது என்பதைத்தான் கால்நடை மருத்துவம் முதலில் சொல்கிறது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும் காயங்களில் பல உயிருக்கு ஒன்றும் செய்வதில்லை. உயிரைப் பறிப்பவற்றில் சில, ஒரு சொட்டு ரத்தம்கூடக் காட்டுவதில்லை.

விளையாட்டில் ஏன் இப்படி அடிபடுகிறது? கொலராடோ பல்கலைக்கழகத்தின் மார்க் பெக்கோஃப், நாய், ஓநாய், கயோட்டி ஆகியவற்றின் குட்டிகள் விளையாடுவதைப் படம்பிடித்து அசைவு அசைவாக ஆராய்ந்தவர். முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்பாகத்தைத் தூக்கி நாய் போடும் அந்தக் கும்பிடு ஏதோ ஒரு நேரத்தில் வருவதல்ல என்று 1995-இல் அவர் எழுதினார். கடித்துக்கொண்டே தலையை உதறுவது போல, சண்டை என்று எதிராளி தவறாக எடுத்துக்கொள்ளக்கூடிய செயலுக்குச் சற்று முன்போ பின்போதான் அது அதிகம் வருகிறது. ‘இது ஆட்டம்தான், தப்பாக நினைக்காதே’ என்ற அறிவிப்பு அது.

2001-இல் மாரெக் ஸ்பிங்கா, ரூத் நியூபெரி ஆகியோருடன் சேர்ந்து பெக்கோஃப் இன்னொரு கருத்தை முன்வைத்தார். விளையாடும் விலங்கு வேண்டுமென்றே தடுமாறுகிறது, விழுகிறது, பிடி இழக்கிறது. எதிர்பாராதது நேரும்போது உடலையும் மனத்தையும் மீட்டெடுக்க அது பயிற்சி என்பது அவர்கள் வாதம். இந்தப் பயிற்சிக்கு விலையும் உண்டு. பெரு நாட்டுக் கடற்கரையில் ராபர்ட் ஹார்கோர்ட் கவனித்த சீல் குட்டிகளில் 26 குட்டிகள் கடற்சிங்கங்களிடம் சிக்கி இறந்தன. அவற்றில் 22 குட்டிகள் அப்போது ஆழமற்ற நீரில் விளையாடிக்கொண்டிருந்தவை. விளையாட விட்டதே குற்றமோ என்று மருகும் வளர்ப்பவர்கள் இந்த உயிரியலை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். அடிபடும் வாய்ப்பு விளையாட்டோடு கூடவே பிறந்தது. அதற்காகக் குட்டியைக் கட்டிப்போட்டு வளர்ப்பது அதைவிடப் பெரிய தீங்கு.

முதலில் ரத்தம். நாயின் உடலில் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லி வரை ரத்தம் உண்டு. பத்துக் கிலோ நாய்க்கு 800, 900 மில்லி. காது நுனி கிழிந்தாலோ, நகம் வேரோடு பெயர்ந்தாலோ, நாக்கில் பல் பட்டாலோ ரத்தம் நிற்காமல் வரும். காதில் அடிபட்ட நாய் வலி தாளாமல் தலையை உதற உதற, சுவரெல்லாம் சிவப்புத் தெறிக்கும். பார்ப்பவர் நெஞ்சு உறைந்துபோகும். ஆனால் அந்தச் சுவரில் இருப்பதை வழித்தெடுத்தால் பெரும்பாலும் சில தேக்கரண்டிதான் தேறும். சுத்தமான துணியை மடித்து வைத்து, ஐந்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால், உறைய ஆரம்பித்தது மறுபடி பிய்ந்துவிடும். துணி நனைந்தால் எடுக்காமல் மேலேயே இன்னொரு துணி. ரத்தம் துடிப்புத் துடிப்பாகப் பீறிட்டால், அல்லது அடிபட்டது மூன்று கிலோ நாயாக இருந்தால் கணக்கு வேறு. அதன் உடலில் மொத்தமே கால் லிட்டர்தான் இருக்கிறது.

எவ்வளவு போய்விட்டது என்பதைத் தரையைப் பார்த்து அறிய முடியாது, ஈறைப் பார்த்து ஓரளவு அறியலாம். நலமாக உள்ள நாயின் ஈறு இளஞ்சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பும். வெளுப்பாகவே இருந்தாலோ, நிறம் திரும்பத் தாமதித்தாலோ உள்ளே ரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள். ஈறு கறுப்பாக உள்ள நாய்களுக்குக் கண்ணிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். நாய் நலமாக இருக்கும்போதே இதை நாலைந்து முறை செய்து பார்த்துவைத்தால் அவசரத்தில் கை தடுமாறாது.

இனி, சிறிய துளை. பெரிய நாய் சிறியதைக் கவ்வி ஒரே ஒரு முறை உதறியிருக்கும். ரோமத்தை விலக்கிப் பார்த்தால் தோலில் இரண்டு புள்ளிகள் மட்டும் தெரியும், ரத்தமும் அதிகம் இருக்காது. ‘ஒன்றுமில்லை, தப்பித்தது’ என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். கால்நடை மருத்துவர்கள் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். நாயின் தோல் தளர்வானது, பல்லோடு சேர்ந்தே நகர்ந்து கொடுக்கும். அடியில் இருக்கும் தசைக்கு அந்த வசதி இல்லை. தலையணை உறை முழுசாக இருக்க, உள்ளே பஞ்சு மட்டும் கிழிந்து கலைந்துபோவது போல, தோலுக்குக் கீழே தசை நார் நாராகிவிடும். விலா எலும்பு முறிந்திருக்கலாம், நுரையீரலில் துளை விழுந்திருக்கலாம், வயிற்றுச் சுவர் பிய்ந்து குடல் தோலுக்கடியில் வந்திருக்கலாம். பல்லோடு போன பாஸ்டுரெல்லா முதலிய பாக்டீரியாக்கள் நசுங்கிய திசுவில் பெருகும். முதல் நாள் வாலாட்டிய நாய், இரண்டாம் நாள் காய்ச்சலோடு சுருண்டு படுப்பது இதனால்தான். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ பல் பட்டிருந்தால், துளை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், நாய் எவ்வளவு உற்சாகமாகத் தெரிந்தாலும், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

பயங்கரத்தின் உச்சம் கண். 2003 வாக்கில் ஹட்ச் கைபேசி நிறுவன விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே ஓடிய சீக்கா என்ற பக் நாயைத் தமிழ்நாட்டிலும் மறந்தவர் இருக்க மாட்டார்கள். அதன் பிறகு இந்திய நகரங்களில் பக் வாங்குவது பெருகியது. அப்பிய முகத்துக்காகவே வளர்த்தெடுக்கப்பட்ட இந்த இனங்களில் கண்குழி ஆழமே இல்லை. பக், ஷி ட்ஸு போன்றவற்றை இன்னொரு நாய் தலையிலோ பிடரியிலோ கவ்வி இழுத்தால் போதும், கண் இமைக்கு வெளியே பிதுங்கிவிடும். உடனே இமை பின்னால் சுருண்டு இறுக்கிக்கொள்ளும், கண் தானாக உள்ளே போகாது. நீண்ட முகமும் ஆழ்ந்த குழியும் கொண்ட சிப்பிப்பாறைக்கு இப்படி நேர வேண்டுமானால் மிகப் பலமான அடி விழுந்திருக்க வேண்டும், அப்போது மண்டைக்குள்ளும் சேதம் இருக்கக்கூடும்.

பார்ப்பதற்கு உலகமே முடிந்துவிட்டதுபோல் இருந்தாலும், பக் நாய்க்கு இதனால் உயிர் போவது அரிது. கண்ணுக்குத்தான் நேரம் குறைவு. உள்ளே தள்ள முயலவே கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் நீரால் கண்ணை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், உலர்ந்தால் கருவிழி கெட்டுவிடும். நாய் காலால் பிறாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் கண்ணில் அழுத்தம் கூடும் என்பதால் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, கண்ணை இடத்தில் அமர்த்தி, இமைகளைத் தற்காலிகமாகத் தைத்துவிடுவார். தையல் இரண்டு மூன்று வாரம் இருக்கும். பார்வை பல நாய்களுக்குத் திரும்புவதில்லை, கண்ணையே எடுக்க நேர்வதும் உண்டு. ஒற்றைக் கண்ணோடும் நாய் நன்றாக ஓடியாடி வாழும் என்பதை அந்த வேளையில் யாராவது வளர்ப்பவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வேகமாக ஓடித் திரும்பும்போது கத்திவிட்டுப் பின்னங்காலைத் தூக்கிக்கொள்ளும் நாய்க்கு முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம். மனித விளையாட்டு வீரருக்கு அது ஒரே அடியில் அறும். நாய்க்கோ, பெரும்பாலும் மாதக்கணக்கில் நைந்து கொண்டிருந்தது அன்று அறுகிறது. அதனால்தான் பல நாய்களுக்குப் பிற்பாடு மறுகாலிலும் அதே கதை. எடை கூடிய உடலும் வழுக்கும் டைல்ஸ் தரையும் நிலைமையை மோசமாக்கும். பொமரேனியன் நாலு அடி நொண்டிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடினால், முழங்கால் சில்லு விலகித் திரும்பியிருக்கும். இரண்டுக்கும் அவசரம் இல்லை, ஆனால் எலும்பு முறிந்து காலே தொங்கினால் உடனே போக வேண்டும்.

ஹைதராபாத் கோடைக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்தாக வேண்டும். பந்தின் மேல் பித்துக் கொண்ட நாய், உடல் சூடு எல்லை மீறிய பிறகும் ஓடும். களைப்பு என்று நினைப்பது வெப்பத் தாக்காக இருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விடுவதுதான் ஆபத்து என்பது பொதுவான எண்ணம். ஆனால் பிரிட்டனின் ராயல் கால்நடைக் கல்லூரியின் பதிவேடுகளை வைத்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், வெப்பத்தால் பாதிக்கப்பட்ட நாய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று, ஓட்டத்தாலும் விளையாட்டாலுமே பாதிக்கப்பட்டவை. அது குளிர்ந்த பிரிட்டனில். தள்ளாடும் நாயை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே தண்ணீரை ஊற்றி, காற்றுப் படச் செய்து குளிர்விக்க வேண்டும். முதலில் குளிர்ச்சி, பிறகு பயணம்.

அடிபட்ட நாய், பெற்ற பிள்ளைபோல் வளர்த்தவரையும் கடிக்கும். வலியில் அதற்கு ஆள் தெரியாது. துப்பட்டாவாலோ துணிப் பட்டையாலோ வாயைத் தளர்வாகக் கட்டலாம். ஆனால் மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் அப்பிய முகம் கொண்ட இனங்களுக்கும் வாயைக் கட்டக் கூடாது. கவ்விக்கொண்ட நாய்களைப் பிரிக்க நடுவில் கை விடாமல், தண்ணீரை ஊற்றியோ, பின்னங்கால்களைப் பிடித்துப் பின்னோக்கி நகர்த்தியோ பிரிக்க வேண்டும். சில சமயம் ஒன்றின் தாடை மற்றதன் கழுத்துப்பட்டையில் மாட்டி முறுக்கிக்கொள்ளும். சண்டை என்று நினைத்து இழுத்தால் பட்டை இன்னும் இறுகி மூச்சை அடைத்துவிடும், பட்டையை வெட்ட வேண்டும். மனிதர்மேல் பல் பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். வளர்ப்பு நாயைக் கடித்தது தெருநாய் என்றால், ஏற்கெனவே தடுப்பூசி போட்ட நாய்க்கும் மறு ஊசி தேவை.

வீட்டு வைத்தியத்தில் எச்சரிக்கை வேண்டும். காயத்தில் காபித்தூள் அப்புவது நம் வீடுகளில் பழைய பழக்கம், நாய் அதை நக்கினால் காஃபின் உள்ளே போய் நஞ்சாகும். வலிக்குப் பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுப்பது இன்னும் மோசம்.

வளர்ப்பவரின் பதற்றமும் நாய்க்குப் போய்ச் சேர்கிறது. மனிதர் மன அழுத்தத்தில் இருக்கும்போது வெளிவிடும் மூச்சும் வியர்வையும் வேறு வாசம் அடிப்பதை நாய்கள் இனம் காண்கின்றன என்று பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2022-இல் காட்டியது. முன்பின் தெரியாத ஒருவரின் அழுத்த வாசமே போதும், நாய்கள் நிச்சயமற்ற ஒன்றை அணுகத் தயங்குகின்றன என்று 2024-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 18 நாய்களை வைத்துக் கண்டது. அழாதே என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் கைக்கு வேலை இருந்தால் மூச்சு தானாகச் சீராகும். ஒருவர் துணியை அழுத்தட்டும், இன்னொருவர் மருத்துவமனைக்குப் பேசட்டும், போர்வையை விரித்து அதில் நாயைத் தூக்கட்டும். ஹைதராபாத்தில் நாராயண்குடாவில் அரசின் உயர் சிறப்புக் கால்நடை மருத்துவமனையும், ராஜேந்திரநகரில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அடிபட்டது தெருநாய் என்றால், ‘மைதிலி என்னை காதலி’ பட நடிகை அமலா 1992-இல் தொடங்கிய ஹைதராபாத் புளூ கிராஸ் உண்டு. இரவு பத்து மணிக்கு எது திறந்திருக்கும் என்பதை நாய் நலமாக இருக்கும் நாளிலேயே விசாரித்து எழுதிவைக்க வேண்டும்.

காயம் ஆறிய பிறகும் பயம் ஆறாமல் இருக்கலாம், நாய்க்கும் ஆளுக்கும். கடிபட்ட நாயை நேராகக் கூட்டத்துக்குள் கொண்டுபோகாமல், தூரத்தில் இருந்து மற்ற நாய்களைப் பார்க்கவிட்டு, அது தளர்வாக இருக்கும்போது தின்பண்டம் கொடுத்து, நாளாக நாளாக நெருங்க வேண்டும். பிறகு அதன் அளவே உள்ள, சாதுவான, பழகிய ஒரே ஒரு நாயோடு சில நிமிடம். ஒரு கண் பார்வை போன நாய்மேல் அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் திடீரென்று வந்து மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தசைநார் அறுவை நடந்த நாய்க்குச் சில மாதங்கள் ஓட்டமே கிடையாது, கயிற்றில் கட்டிய நடை மட்டும். மருத்துவர் காலை மடக்கிப் பார்த்து, எக்ஸ்ரேயும் எடுத்துச் சரி என்ற பின்புதான் பந்தை வெளியே எடுக்கலாம்.