ஈமு: அடைகாக்கும் அப்பாவும் மாசம் ஆறாயிரமும்

போன ஞாயிறு அக்கா பையனைக் கூட்டிட்டு பம்மல்ல இருந்து வண்டலூர் ஜூவுக்குப் போயிருந்தேன். ஈமுவைப் பார்த்ததும், "மாமா, இது ஏன் பறக்காது?"ன்னு கேட்டான். அதுதான் இந்த எபிசோட்.

பறக்குற பறவைகளுக்கு நெஞ்செலும்பு நடுவுல, படகோட அடிப்பக்கம் மாதிரி ஒரு மேடு இருக்கும். சிறகை அடிக்கிற தசை அதுலதான் ஒட்டியிருக்கும். ஈமுவுக்கு அந்த மேடு கிடையாது. சிறகும் சுமார் 20 சென்டிமீட்டர்தான். பலமெல்லாம் கால்ல: மணிக்குக் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் ஓடும். உயரத்துல நெருப்புக்கோழிக்கு அடுத்த இடம்.

எனக்குப் பிடிச்ச விஷயம் அதோட குடும்ப வாழ்க்கை. கரும்பச்சை நிறத்துல முட்டையிட்டுட்டு அம்மா கிளம்பிடும். அடைகாக்குறது அப்பா. சுமார் எட்டு வாரம், சாப்பாடு தண்ணி ஏறக்குறைய எதுவும் இல்லாம, உடம்புல சேர்த்து வச்ச கொழுப்பை வச்சே தாக்குப்பிடிக்கும். எழுந்திருக்கிறதே பெரும்பாலும் முட்டையைத் திருப்பி வைக்கத்தான். குஞ்சு பொரிஞ்ச பிறகும் பல மாசம் கூடவே இருந்து பார்த்துக்கும்.

இந்தப் பறவையை நான் முதல்ல பார்த்தது ஜூவுல இல்லை. 2012-ல, ஸ்கூல் லீவுக்கு ஈரோட்டுப் பக்கம் சித்தி வீட்டுக்குப் போனப்போ. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், போர்வெல் போட வச்சிருந்த காசை ஒரு ஈமு கம்பெனியில கட்டியிருந்தார். பேர் வேண்டாம். அப்போ அந்த மாதிரி நிறைய கம்பெனிகள் இருந்தது.

அதுல ஊரறிஞ்ச கேஸ் பெருந்துறை சுசி ஈமு ஃபார்ம்ஸ். ஒன்றரை லட்சம் கட்டினா ஆறு குஞ்சு, மாசம் ஆறாயிரம் ரூபாய், வருஷத்துக்கு இருபதாயிரம் போனஸ். கணக்கு போடுங்க: வருஷம் 92,000. அதாவது 61 சதவீதம்!

இப்போ உயிரியலுக்கு வாங்க. பிராய்லர் கோழி ஆறு வாரத்துல கடைக்கு வந்துடும். ஈமு கறிக்கு வளரவே ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஒன்றரை, ரெண்டு வருஷம். முட்டையும் குளிர் மாசங்கள்லதான். அவ்வளவு நாள் தீவனம் போட்டு வளர்த்தாலும், நம்ம தெருவுல ஈமு கறிக்கடை எங்க இருக்கு? கறிக்கும் எண்ணெய்க்கும் பெரிய சந்தை இல்லாதப்போ, புதுசா சேர்றவங்க காசுலதான் பழைய ஆளுக்கு மாசத் தவணை போகணும். கோடு எழுதுறவங்களுக்குச் சொல்றேன், இது பேஸ் கேஸ் இல்லாத ரிகர்ஷன். ஒருநாள் ஸ்டாக் நிரம்பி கிராஷ் ஆகியே தீரும்.

2012 ஆகஸ்ட்ல ஆச்சு. முதலீட்டாளர்கள் போலீஸ்ல புகார் கொடுத்தாங்க. தமிழ்நாட்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல வழக்குப் பதிவாச்சு. கைவிட்ட பண்ணைகள்ல பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டி வந்தது.

அந்த அண்ணன் தோட்டத்துலயும் தீவனம் தீர்ந்துபோச்சு. ஆள் நடமாட்டம் கேட்டாலே எல்லாப் பறவையும் கம்பி வேலிக்கு ஓடி வரும். அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். போர்வெல் அந்த வருஷம் போடலை.

அதனால, யாராவது உங்ககிட்ட மாசாமாசம் நிச்சய வருமானம்னு வந்தா ஒரே கேள்வி கேளுங்க: "இந்தப் பொருளைக் கடைசியில காசு கொடுத்து வாங்குறது யாரு?" பதிலா இன்னொரு முதலீட்டாளரைக் காட்டினா, எழுந்து வந்துடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!