பூட்டுவதற்கு முன் ஒரு பார்வை

காரைக்குடி அயித்தைக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை. "தம்பி, எடையக் குறைக்கத்தானே போறேன், தொண்டைக்குள்ள எதுக்குக் குழாய்?" என்று கேட்டார். அதற்காகத் தேடிப் படித்தது இது.

பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும். சாப்பாடு அங்கே போகாது, சாதாரண எண்டோஸ்கோப்பும் எட்டாது. இரண்டாங்கட்டைப் பூட்டிட்டு முகப்போட குடியிருக்கிற மாதிரி. புண், கட்டி, ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கான்னு பூட்டுறதுக்கு முன்னாடியே பார்த்துவிடுவது நல்லது.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். அதன்பின் அமில எதுக்களிப்பு கூடலாம். அதனால் உணவுக்குழாயில் ஏற்கெனவே கடும் புண் தெரிந்தால், ஸ்லீவுக்குப் பதில் பைபாஸ் என்று திட்டமே மாறலாம்.

பிறகும் வேலை இருக்கிறது. பைபாஸ் இணைப்பில் புண் வரலாம். சுருக்கம் வந்தால் எண்டோஸ்கோப் வழியாகவே பலூனால் விரிக்கலாம். ஸ்லீவ் செய்தவர்களில் சிலருக்கு நெஞ்செரிச்சலே இல்லாமல் உணவுக்குழாயின் உட்சவ்வு மாறுகிறது. அதனால்தான் இத்துறையின் சர்வதேசக் கூட்டமைப்பு, ஓராண்டு கழித்து ஒருமுறையும், ஸ்லீவ் செய்தவர்களுக்கு அதன்பின் 2-3 ஆண்டுக்கு ஒருமுறையும் எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்கிறது.

அயித்தையிடம் சொன்னேன்: "எடை குறைஞ்சிருச்சுன்னு அதோட விட்றாதீங்க."