மருந்து விட்டுச்செல்லும் தடம்

1960களின் தொடக்கத்தில் தீவிர லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. 1962இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். தலைக்குக் கதிர்வீச்சும் அளித்தார். நிலைமை மாறியது. இன்று வளர்ந்த நாடுகளில் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்தச் சிகிச்சை மரபணுவில் விட்டுச்சென்ற சேதம், பிழைத்தவர்கள் வளர வளரத்தான் தெரியவந்தது.

புற்றுநோய் மருந்துகளில் பல, செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைத்தே அதைக் கொல்கின்றன. அருகிலுள்ள நல்ல செல்களும் அதில் அடிபடும். அடிபட்ட எலும்பு மஜ்ஜை செல் ஒன்று அறுந்த இழையைத் தப்பாக ஒட்டிக்கொண்டு உயிர் பிழைத்தால், அதிலிருந்து பெருகும் செல்கள் அனைத்திலும் அந்தப் பிழை தொடரும். எடோபோசைடு வகை மருந்துகளால் 11ஆம் குரோமோசோமிலுள்ள கே.எம்.டி.2ஏ மரபணு உடைந்து வேறொரு குரோமோசோமோடு இணையக்கூடும். அப்படி நேர்ந்தால் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளிலேயே வேறு வகை லுக்கேமியா தலைதூக்கும். சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளால் 5ஆம், 7ஆம் குரோமோசோம்களில் இழப்பு ஏற்பட்டு, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து இத்தகைய லுக்கேமியா வரலாம். இவை அரிதாகவே நேர்கின்றன. கதிர்வீச்சின் விளைவு இன்னும் தாமதமானது; மூளை உறையில் மெனிஞ்சியோமா கட்டி இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் தோன்றுவதுண்டு. அதனால்தான் தலைக்குக் கதிர்வீச்சு தருவது இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டு, முதுகுத் தண்டு நீரில் மருந்து செலுத்தப்படுகிறது.

பிறவியிலேயே அமைந்த மரபணுவுக்கும் இதில் பங்குண்டு. லுக்கேமியாவுக்குத் தரப்படும் மெர்காப்டோபியூரின் மருந்தைச் செயலிழக்கச் செய்யும் டி.பி.எம்.டி. நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அம்மருந்தோடு கதிர்வீச்சும் சேர்ந்தபோது மூளைக்கட்டி அதிகம் வந்ததை செயின்ட் ஜூட் ஆய்வாளர்கள் 1999இல் காட்டினர். ஆசியர்களிடம் இந்த நொதிக் குறைவைவிட என்.யு.டி.டி.15 மரபணு மாறுபாடே பரவலாகக் காணப்படுகிறது; அது உள்ளவர்களுக்கு அம்மருந்தின் வழக்கமான அளவே ரத்த அணுக்களைக் கடுமையாகக் குறைத்துவிடும். மரபணுப் பரிசோதனை செய்து அளவைக் குறைப்பது எளிது. எல்லா மருத்துவமனைகளிலும் இது நடைமுறையாக வேண்டும்.

பெற்றோரை வாட்டும் கேள்வி வேறு: இந்தப் பிள்ளைக்கு நாளை பிறக்கும் குழந்தை நலமாக இருக்குமா? மஜ்ஜையில் நேர்ந்த பிழை அடுத்த தலைமுறைக்குப் போகாது. சிகிச்சையால் கருத்தரிக்கும் திறன் சிலருக்குக் குறையலாம். ஆனால், பிழைத்தவர்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவரும் அமெரிக்க ஆய்வில், அவர்களுடைய குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடுகள் அதிகரித்ததாகத் தெரியவில்லை. திருமணப் பேச்சில் இந்த உண்மை உரக்கச் சொல்லப்பட வேண்டும். புற்றுநோய்க்கு வழிவகுக்கும் லி-ஃபிராமெனி போன்ற பரம்பரைக் கோளாறு பிறவியிலேயே இருந்தால் மட்டும் அது பிள்ளைகளுக்குக் கடத்தப்படலாம். அத்தகைய குடும்பங்களுக்கு மரபணு ஆலோசனை தேவை.

எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு எந்த இடத்தில் என்ற விவரங்கள் அடங்கிய சிகிச்சைச் சுருக்கத்தைக் குடும்பத்தினர் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பிற்காலத்தில் எந்தப் பரிசோதனை தேவை என்பதை மருத்துவர் அதை வைத்தே முடிவுசெய்வார்.