சேற்றின் சேவை

சதுப்பு நிலம் என்றாலே நம் நினைவுக்கு வருவன கொசுவும் சேறுந்தான். அமெரிக்காவில் ஐயோவா மாகாணத்துக் குடியானவர்களும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினார்கள். 1850-ஆம் வருஷத்துச் சட்டமொன்று சதுப்புகளை வடித்துத் திருத்த ஊக்கமளித்தது. பூமிக்கடியில் சுட்ட மண் குழாய்களைப் பதித்தார்கள். 1980-களுக்குள் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு சதுப்பு மறைந்தது. மக்காச்சோளம் செழித்தது. ஆனால் வயலில் சேர்ந்த நைட்ரேட் உப்பும் குழாய் வழியே ஆற்றில் இறங்கிற்று. தலைநகரான டெ மாய்னின் ஜனங்கள் அந்த ஆற்று ஜலத்தையே சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். மிஸிஸிப்பி நதியோ எஞ்சியதைக் கடலில் சேர்க்கிறது. 2017-இல் மெக்ஸிகோ வளைகுடாவில் 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பிராணவாயு குன்றிக் கிடந்தது.

பரிகாரம் யாது? விளைநிலமெல்லாம் சேறாக வேண்டுவதில்லை. குழாய்கள் வந்து கூடும் பள்ளத்தில், நீர் வடியும் பரப்பில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைச் சதுப்பாக விட்டாலே போதும். சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடுகின்றன. இவ்வாறு 40 முதல் 70 சதவிகிதம் வரை குறையக் கூடுமென்று கண்டிருக்கிறார்கள்.

இடத்தைத் தேர்வதே சூட்சுமம். விமானத்திலிருந்து மேடுபள்ளம் அளந்த படங்களை நிபுணர்கள் குடியானவர் முன் விரித்து வைக்கிறார்கள். 2001-இல் தொடங்கிய சர்க்கார் திட்டமொன்று, விட்டுக்கொடுத்த நிலத்துக்கு ஈடும் அளித்தது. ஆயினும் சம்மதிக்க வேண்டியவர் குடியானவரே. பயனடைவோரோ அவர் முகமறியாத நகரத்தாரும் மீனவரும். படத்தைக் காட்டுவதோடு அவர்களையும் அவர் நினைவில் கொணர்வதே நல்ல திட்டமென்பது நமது துணிபு.