மலையில் மனை வாங்குறீங்களா? வன உரிமை நிலம் கைமாறாது!

பேப்பரைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்தால் பணம் அம்பேல்

ஜமுனாமரத்தூர்-

குளுகுளு காற்று, பக்கத்திலேயே பீமன் அருவி, விலையும் சல்லிசு. "அட்வான்சைக் கொடுங்க சார், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று புரோக்கர் சொன்னால் யாருக்கும் கை பாக்கெட்டுக்குப் போகும். ஆனால் ஜவ்வாது மலையில் இடம் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது பட்டா நிலமா, வன உரிமை நிலமா?

திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள இந்த மலையின் பூர்வகுடிகள், மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். (கேரளக்காரர்கள் அல்ல.) காட்டு நிலத்தில் குடியிருந்து, உழுது பிழைக்கும் இப்படிப்பட்டவர்களுக்காக வந்ததுதான் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்பிருந்தே அனுபவித்து வரும் நிலத்தில், 4 ஹெக்டேர் வரை அவர்களுக்கு உரிமை உண்டு. குடியிருக்கும் வீட்டு இடமும் இதில் சேர்த்தி. மணமானவர் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரிலும் உரிமைப் பத்திரம்.

பிள்ளைக்குப் போகும், விற்க முடியாது

இந்த உரிமை வாரிசுக்குப் போகும். ஆனால் விற்கவோ, வேறொருவர் பெயருக்கு மாற்றவோ முடியாது என்று சட்டத்தின் 4-வது பிரிவு அடித்துச் சொல்கிறது. அரசு ஒப்படை செய்த பட்டாவிலும் நிபந்தனை இருக்கும். அதை மீறி விற்றால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டாம்பு பேப்பரில் எழுதி, கைநாட்டு வாங்கினால் போதுமா? போதாது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, மனை விற்பனை பதிவு செய்தால்தான் செல்லும். கிரய அக்ரிமெண்டும் பவர் பத்திரமும் சொந்தமாக்காது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

வில்லங்கம் பார்த்தால் மட்டும் போதாது

வில்லங்கச் சான்றில் பதிவான விவகாரம்தான் தெரியும். அதில் ஒன்றும் இல்லை என்பதால் நிலம் சுத்தம் என்று அர்த்தம் இல்லை. தாலுகா ஆபீசில் பட்டா, 'அ' பதிவேடு, வரைபடம் மூன்றையும் சர்வே நம்பரோடு ஒப்பிட்டுப் பார்க்கணும்.

விற்க உரிமையுள்ள பட்டா மனை என்றால், 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி இரு தரப்புக்கும் கடமை உண்டு. விற்பவர் தெரிந்த குறையை மறைக்கக் கூடாது. மூலப் பத்திரத்தைக் காட்டணும். கிரயம் முடியும் வரை உள்ள வரி பாக்கியைக் கட்டணும். வாங்குபவர் பேசிய தொகையைக் கொடுக்கணும். கிரயத்துக்குப் பிறகு வரும் வரி அவர் பொறுப்பு. கையெழுத்தான 4 மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டு போகணும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது. செக், பாங்கு வழிதான்.

இதையெல்லாம் விட்டுவிட்டு வன உரிமை நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தால், கொடுத்தவருக்கு மனை கிடைக்காது. வாங்கிச் செலவழித்த மலைக் குடும்பத்துக்கோ, அந்தப் பணம் தலைக்கு மேல் கடனாக நிற்கும். கமிஷன் வாங்கிய புரோக்கரை அப்போது தேடினாலும் கிடைக்க மாட்டார்!