இலை சிவந்தால் ஜப்பானியத் தாத்தா பாட்டிகள் வீட்டில் இருப்பதில்லை. ஏன்?

மூன்கேக் விழா நேரத்தில் சைனாடவுன் பக்கம் போயிருப்பீர்கள். வீதியெங்கும் விளக்குகள். அந்த விழாவின் ஆங்கிலப் பெயருக்கு 'இலையுதிர்காலத்தின் நடுப்பகுதி' என்று அர்த்தம். இங்கேயோ சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கும். "எங்கப்பா இலையுதிர்காலம்?" என்று தோன்றியிருக்கலாம்.

நமக்கு அது பெயரளவில்தான். ஜப்பானில் அது நிஜம். அதே முழுநிலா நாளில் அங்கே அரிசிமாவு உருண்டைகளை அடுக்கிவைத்து நிலா பார்ப்பார்கள். அப்போது தொடங்கும் இதமான காற்று நவம்பர் முடியும்வரை நீடிக்கும். ஆண்டிறுதி விடுமுறையில் ஜப்பான் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: பூங்கா, கோயில், ரயில் என எங்கு பார்த்தாலும் மூத்தோர். தலையில் தொப்பி, முதுகில் சின்னப் பை, கழுத்தில் கேமரா. சுற்றுப்பயணிகள் அல்ல, உள்ளூர்க்காரர்கள்தான்.

முதல் காரணம் எளிது. கோடைக்காலம் அங்கே கொடுமையானது. வெப்பத்தாக்கத்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 65 வயதைத் தாண்டியவர்கள். ஜூலை, ஆகஸ்ட் முழுக்க "வெளியே போகாதீங்க" என்று கேட்டுக்கேட்டுச் சலித்தவர்களுக்கு செப்டம்பர் ஒரு விடுதலை.

அவர்களுக்கென்றே ஒரு விடுமுறை

செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை 'கெய்ரோ நோ ஹி', அதாவது மூத்தோரை மதிக்கும் நாள். 1947இல் ஹியோகோ மாநிலத்தின் ஒரு சிறிய கிராமத்தில் முதியோர் நாளாகத் தொடங்கியது. வயல்வேலை குறைவு, வானிலை இதம் என்பதால் செப்டம்பர் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1966இல் அது தேசிய விடுமுறையானது.

100 வயதை எட்டுவோருக்கு அரசாங்கம் வெள்ளிக் கிண்ணம் கொடுக்கிறது. 1963இல் நாடு முழுவதும் 100 வயதைத் தாண்டியவர்கள் 153 பேர். 2025இல் கிட்டத்தட்ட ஒரு லட்சம்! கட்டுப்படியாகுமா? 2016 முதல் சுத்த வெள்ளி போய், வெள்ளி முலாம் பூசிய கிண்ணம் வந்துவிட்டது.

இலையை 'வேட்டையாட' ஒரு வாரம்தான்

சிவந்த இலைகளைப் பார்க்கப் போவதற்கு ஜப்பானிய மொழியில் 'மொமிஜிகாரி' என்று பெயர். நேரடிப் பொருள், இலை வேட்டை.

குளிர் கூடக்கூட இலையின் பச்சையம் சிதைகிறது. ஜின்கோ மரத்தில் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. மேப்பிள் மரத்தில் புதிதாக ஒரு சிவப்பு நிறமி உருவாகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் நல்ல குளிர் என்றால் சிவப்பு பளிச்சென்று இருக்கும். இந்த மாற்றம் செப்டம்பரில் வடக்கே ஹொக்கைடோ மலைகளில் தொடங்கித் தெற்கு நோக்கி இறங்குகிறது. கியோட்டோவுக்கு வந்துசேர நவம்பர் பிற்பகுதி ஆகிவிடும். எங்கே எப்போது சிவக்கும் என்று முன்னுரைப்பதும் உண்டு, மழையை முன்னுரைப்பதுபோல.

ஒரு மரத்தின் உச்சகட்ட அழகு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. பிள்ளைகள் பாட்டியை அழைத்துப்போக வேண்டும் என்றால் இந்த வாரமே போகவேண்டும். பருவம்தான் கெடு வைக்கிறது.

யார் சொன்னது சரியான ருசி?

வடகிழக்கே யமகத்தா மாநிலத்தில் 'இமோனிகாய்' என்று ஒன்று உண்டு. குடும்பமாக, நண்பர்களாக ஆற்றங்கரைக்குப் போய், கல் அடுக்கி அடுப்பு மூட்டி, ஒரே பானையில் சமைத்துச் சாப்பிடுவார்கள். அதில் என்ன கிழங்கு தெரியுமா? நம் சேப்பங்கிழங்கின் நெருங்கிய உறவு. அதோடு மாட்டிறைச்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ். பக்கத்து மாநிலமான மியாகியில் பன்றி இறைச்சியும் மிசோவும் போடுவார்கள். எது உண்மையான இமோனி என்ற சண்டை முடிந்தபாடில்லை. மீன்குழம்பில் மாங்காய் போடலாமா கூடாதா என்று உங்கள் வீட்டில் நடக்கும் அதே சண்டைதான். இதில் கடைசி வார்த்தை பெரும்பாலும் யாருடையது என்று உங்களுக்கே தெரியும்.

யமகத்தா நகரில் செப்டம்பரில் இதைத் திருவிழாவாகவே நடத்துகிறார்கள். பானையின் விட்டம் 6 மீட்டருக்கும் மேல். கிளறுவதற்கு மண் தோண்டும் இயந்திரம்! (சமையலுக்கென்றே சுத்தமாகத் தயார்செய்த இயந்திரம். பயப்படவேண்டாம்.)

வீட்டோடு இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. துவர்க்கும் பெர்சிமன் பழத்தைத் தோல் சீவி, கயிற்றில் கோத்துத் தாழ்வாரத்தில் தொங்கவிடுவார்கள். வாரக்கணக்கில் காயவேண்டும். நடுவில் ஒவ்வொரு பழத்தையும் விரலால் மெதுவாகப் பிசைந்துவிடவேண்டும். துவர்ப்பைத் தரும் பொருள் கரையாத வடிவத்துக்கு மாறிவிடுவதால் பழம் இனிக்கத் தொடங்குகிறது. எவ்வளவு அழுத்தவேண்டும் என்பதை யூடியூப் சொல்லிக்கொடுத்தாலும் விரல் கற்றுக்கொள்ள நாளாகும்.

சிறுவர் விளையாட்டு, தாத்தா கையில்

மூத்தோர் விரும்பி ஆடும் 'கேட்பால்' 1947இல் ஹொக்கைடோவில் உருவானது. சிறுவர்களுக்காக! போருக்குப் பிறகு ரப்பர் தட்டுப்பாடு. பந்து கிடைக்காததால் மரப்பந்து, மரச்சுத்தி. அணிக்கு 5 பேர், 3 சிறிய வாயில்கள், நடுவில் ஒரு கம்பம், 30 நிமிடம். ஓடத் தேவையில்லை. ஆனால் எதிரணியின் பந்தை அடித்து எல்லைக்கு வெளியே தள்ளலாம். பார்க்கச் சாதுவாக இருக்கும். உள்ளே முழுக்க வியூகம்.

காலை 6.30 மணிக்கு வானொலி இசைக்கேற்பப் பூங்காவில் உடற்பயிற்சி செய்யும் கூட்டமும் உண்டு. 'ரேடியோ தைசோ' 1928இலிருந்து இருக்கிறது. தங்கள் முதுமையையே கிண்டல் செய்து குறுங்கவிதை எழுதும் போட்டி 2001இலிருந்து நடக்கிறது. மறதி, காது கேளாமை, மாத்திரை டப்பா எல்லாம் அதில் நகைச்சுவை ஆகிவிடும்.

எல்லாம் அழகா?

இல்லை. ஜப்பானில் 100 பேரில் 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். 2024இல் வீட்டில் தனியாக இருந்த நிலையில் இறந்துபோனவர்கள் 76,000க்கும் அதிகம் என்று அந்நாட்டுக் காவல்துறை கணக்கிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் மூத்தோர். இதே நாடு, இதே சிவந்த இலைகள்.

அதனால்தான் ஆற்றங்கரைச் சமையலையும் கேட்பாலையும் வெறும் பொழுதுபோக்காக ஒதுக்க மனம் வரவில்லை. இவற்றில் பெரும்பாலானவற்றைத் தனியாகச் செய்யமுடியாது. ஒரு நாள் வராவிட்டால் "ஏன் வரல?" என்று கேட்க ஆள் இருக்கும். அந்தக் கேள்விக்கு மருந்தைவிட மதிப்பு அதிகமாகும் நாள்கள் உண்டு.

சிங்கப்பூரில் 2030க்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். நமக்கு மரம் கெடு வைக்காது. ஜனவரியில் போகாத பூங்காவுக்கு ஜூலையிலும் போகலாம், அதே வெயில், அதே பச்சை. ஒத்திப்போட வசதியான ஊர் நம்முடையது. 'தாத்தாவுக்கு டிவி போதும்' என்று நாமே முடிவு செய்துவிடுவதும் இப்படித்தான்.

அழைத்துப்போவதாக இருந்தால்...

நவம்பர் இறுதியில் கியோட்டோவில் மாலை 5 மணிக்குள் இருட்டிவிடும். காலையிலேயே கிளம்புங்கள். புகழ்பெற்ற கோயில்களில் படிக்கட்டும் கூட்டமும் அதிகம். முட்டிவலி இருந்தால் தோக்கியோவின் மெய்ஜி ஜிங்கு கையென் ஜின்கோ சாலை நல்லது. சுமார் 300 மீட்டர், சமதளம், இருபுறமும் மஞ்சள். தாச்சிகாவாவில் உள்ள ஷோவா கினென் பூங்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு.

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஏழு கோயிலைவிட, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு சாப்பிடுவது அவருக்குப் பிடிக்கலாம்.

அப்புறம், மஞ்சள் மரத்தடியில் ஒரு மோசமான வாடை வந்தால் தாத்தாவைச் சந்தேகப்படாதீர்கள். கீழே விழுந்து மிதிபட்ட ஜின்கோ பழம்தான் அது.