ஸ்பிரிங் மாற்றுவது வீட்டிலா, பட்டறையிலா?

பிரிஞ்சாங் பக்கம் போயிருக்கிறீர்களா? அப்படியானால், முட்டைக்கோஸ் கூடைகளை ஏற்றிக்கொண்டு, பின்பக்கம் தாழ்ந்து, மலைப்பாதையில் முனகியபடி வரும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் ஒடுங்கிய சாலையிலும் காய்கறித் தோட்டங்களின் சேற்றுத் தடங்களிலும் இன்றும் அவைதான் ராஜா. அதே தோட்டக்காரரின் வீட்டு வாசலில் ஒரு மைவியும் நிற்கும். குடும்பத்தோடு தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ இறங்க அது.

இரண்டுக்கும் ஒரு நாள் ஸ்பிரிங் உடையும். கேமரன் மலையின் ஈரம் இரும்பை விட்டுவைப்பதில்லை. சக்கரம் தெறிக்கும் கல் ஸ்பிரிங்கின் மேல்பூச்சைக் கொத்திவிடும். அந்த இடத்தில் துரு பிடித்துச் சிறு குழி விழும். பள்ளங்களில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழியின் அடியில் ஒரு விரிசல் மயிரிழை அளவு நீளும். ஒரு காலை காரை எடுக்கும்போது 'டங்' என்று சத்தம் கேட்கும். கதை முடிந்தது.

கையில் ஸ்பேனர் செட் இருக்கிறது. ஜாக் இருக்கிறது. உதவிக்குத் தம்பியும் இருக்கிறான். பட்டறைக்குக் கூலி எதற்கு என்று தோன்றுவது இயல்புதான். எனக்கு அந்த எண்ணத்தின் மீது எந்தக் குறையும் இல்லை. ஆனால் 'எனக்கு இந்த வேலை தெரியுமா?' என்று கேட்பதற்கு முன் இன்னொரு கேள்வியைக் கேளுங்கள்: வண்டியை ஜாக்கில் தூக்கியதும் இந்த ஸ்பிரிங் தானாகத் தளர்கிறதா, இல்லையா?

ஸ்பிரிங் என்பது சக்தியைச் சேர்த்து வைக்கும் பொருள். அமுக்கும் தூரத்துக்கு ஏற்ப அதன் எதிர்ப்பும் கூடும் என்பதை ராபர்ட் ஹூக் 1678இலேயே எழுதிவைத்தார். தூரம் இரண்டு மடங்கானால் விசையும் இரண்டு மடங்கு. ஆனால் உள்ளே சேரும் சக்தி நான்கு மடங்கு! பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஒரு கணக்கு போடுவோம். சிறிய காரின் முன் ஸ்பிரிங் ஒன்றை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ எடை தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றுவதற்காக அதை 12 சென்டிமீட்டர் அமுக்கிப் பிடித்தால், அது 240 கிலோ விசையோடு உங்கள் கருவியைத் தள்ளிக்கொண்டிருக்கும். சேர்ந்திருக்கும் சக்தி ஏறத்தாழ 144 ஜூல். 5 கிலோ சம்மட்டி ஒன்று 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பிடி நழுவி அந்தச் சக்தி முழுவதும் 2 கிலோ எடையுள்ள ஓர் இரும்புத் துண்டில் இறங்கினால், அது மணிக்கு 40 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும். குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் முகம் அரை மீட்டர் தூரத்தில்தான் இருக்கும்.

இனி அந்த இரண்டு வண்டிகளுக்கும் வருவோம்.

1948இல் அறிமுகமான லேண்ட் ரோவர் நெடுங்காலம் பட்டை ஸ்பிரிங்கில்தான் ஓடியது. தமிழ்நாட்டு லாரிப் பட்டறைகளில் 'கமான் பட்டை' என்பார்களே, அதுதான். வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஆக்சிலோடு யூ போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். சேசிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினால் ஆக்சில் கீழே தொங்கும். பட்டை பெரும்பாலும் தளர்ந்துவிடும். ஆக்சிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கைக் கொடுத்து மேலும் கீழும் சரிசெய்தால், போல்ட்டுகள் இழுபறி இல்லாமல் வெளியே வரும். இதை வீட்டிலேயே செய்யலாம். பட்டை கனமானது, துருப்பிடித்த போல்ட் பிடிவாதம் பிடிக்கும், ஒரு நாள் முழுக்கப் போகும். இவ்வளவுதான் சிக்கல்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது ஸ்பிரிங்கில் இல்லை. பழைய லேண்ட் ரோவரின் கைபிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைத்தான் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால், தண்டு நின்றிருந்தாலும் டிஃபரன்ஷியல் வழியாக ஒரு சக்கரம் முன்னே சுழல, மற்றது பின்னே சுழலும். அதாவது, கைபிரேக்கை முழுதாக இழுத்திருந்தும் தரையில் உள்ள சக்கரம் உருளலாம். பிரிஞ்சாங்கில் சமதரை என்பதே அபூர்வம். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கைத் தொடாதீர்கள். மழை நனைத்த மண்ணில் ஜாக் மெல்லப் புதையும் என்பதால் அடியில் அகலமான தடித்த பலகை வேண்டும். ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான். வண்டியைத் தாங்க வேண்டியது ஸ்டாண்ட்.

பிறகு 1983இல் வந்த ஒன் டென் மாடலிலிருந்து லேண்ட் ரோவரும் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. ஆனாலும் அங்கே சுருள், ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அப்சோர்பரைக் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்து, ஆக்சிலை இறக்கினால் அதுவும் தளர்ந்துவிடும். சிறிய கார்கள் பலவற்றில் பின்பக்க ஸ்பிரிங்கும் இப்படித்தான்.

மைவியின் முன்பக்கம் வேறு கதை. அங்கே இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அப்சோர்பரும் அதைச் சுற்றிய சுருளும் ஒரே உறுப்பு. சுருளை அமுக்கி உள்ளே திணித்து, உச்சியில் ஒரே ஒரு நட்டால் பூட்டியிருக்கிறார்கள். காரைத் தூக்கினாலும், ஸ்ட்ரட்டைக் கழற்றி மேசைமேல் படுக்கவைத்தாலும் அந்தச் சுருள் தளராது. அமுங்கிய நிலையிலேயே காத்திருக்கும். சுருளை அமுக்கிப் பிடிக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் மேலே கணக்கு போட்டோம்.

இதற்கென்று 'ஸ்பிரிங் கம்ப்ரஸர்' கருவி கடையில் கிடைக்கும். கொக்கி வைத்த இரண்டு நீண்ட திருகுகள். எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, மாறி மாறிச் சில சுற்றுகள் இறுக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் இறுகினால் சுருள் வாழைப்பழம்போல வளைந்து கொக்கி நழுவும். அவசரக்காரர்கள் ஏர் கன் வைத்து இறுக்குவார்கள். திருகின் மரை சூடேறித் தேய்ந்துபோக அதுவே போதும். மலிவான கருவி, துருப்பிடித்த சுருள், முதல்முறை செய்யும் கை மூன்றும் சேர்ந்தால், நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். நல்ல பட்டறையில் இதே வேலையைக் கனமான சட்டத்தில் பொருத்திய கருவி செய்கிறது. நீங்கள் கொடுக்கும் கூலியில் பெரும்பகுதி அதற்குத்தான்.

நடுவழி ஒன்று உண்டு. ஸ்ட்ரட்டை முழுதாக, உச்சி நட்டைத் தொடாமல், வீட்டிலேயே கழற்றுங்கள். பழைய ஸ்ட்ரட்டையும் புதிய ஸ்பிரிங்கையும் பட்டறைக்குக் கொண்டுபோய், மாற்றும் வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள். திரும்பப் பூட்டுவது உங்கள் வேலை. பணத்தில் கணிசமாக மிச்சமாகும், முகமும் மிச்சமாகும். ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பூட்டிய பிறகு சக்கரக் கோணம் மாறியிருக்கலாம் என்பதால் அலைன்மென்ட்டுக்கு எப்படியும் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் வாங்கும்போது கண்ணளவை நம்பாதீர்கள். சுருளின் விறைப்பு, கம்பியின் விட்டத்தை நான்குமுறை பெருக்கிய அளவில் கூடும். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 மில்லிமீட்டர் கம்பி என்றால் விறைப்பு 38 விழுக்காடு அதிகம். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் வேறொன்று என்றால் வளைவுகளில் கார் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விதமாகச் சாயும். அதனால் உடைந்தது ஒன்றானாலும் ஜோடியாகவே மாற்றுங்கள். காரைத் தாழ்த்துவதற்காகச் சுருளை வெட்டுவதும் சூடுகாட்டுவதும் வேண்டவே வேண்டாம். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் 20 விழுக்காடு விறைப்பு கூடும், நுனியும் தன் இருக்கையில் சரியாக உட்காராது. சூடு, எஃகின் பதத்தையே கெடுத்துவிடும்.

லேண்ட் ரோவர்காரர்களின் வழக்கமான ஆசை, பாரம் தாங்க இன்னும் இரண்டு பட்டை சேர்ப்பது. கூடைகளோடு மேலேறும்போது சுகமாகத்தான் இருக்கும். இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளும், ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது வழுக்கும். பட்டை சேர்ப்பதைவிட நடை ஒன்றைக் கூட்டிக்கொள்வது மலிவு.

பூட்டும்போது இரண்டு விஷயங்கள். பட்டையின் நடு போல்ட் தலை ஆக்சிலில் உள்ள குழியில் சரியாக உட்கார்ந்ததா பாருங்கள். இல்லாவிட்டால் ஆக்சில் கோணலாக நிற்கும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தொங்கும்போது இறுக்காதீர்கள். இறுக்கினால் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்று, பாரம் ஏறிய பிறகே கடைசி இறுக்கம். யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். பழையவை ஏற்கெனவே நீண்டு போயிருக்கும்.

பிறகு பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தா வரை மெதுவாக ஒருமுறை போய் வந்து, எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். தாப்பா வரை இறங்கும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுகளை அதற்கு அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.